அன்புக்கு ஒரு கட்டில்

மேடையில் ஏறி அன்பைப் பற்றிப் பேசுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. பட்டிமண்டபத்து நடுவர் முதல் கல்யாண வீட்டில் வாழ்த்துரை வழங்க எழுந்து நிற்கும் ஊர்ப் பெரியவர் வரையில், அன்பே சகல நோய்க்கும் மருந்து என்றும், இருதயம் விசாலமானால் இல்லம் தானாகவே விசாலமாகிவிடும் என்றும் சொல்லாதவர் இல்லை. கேட்பவர்களும் அதை மறுப்பதில்லை. மறுக்காமலே எழுந்து பந்திக்குப் போய்விடுகிறோம். ஆனால், அன்பு என்கிற அந்தச் சக்தி மனித சரீரத்தில் என்னதான் செய்கிறது என்பதைத் தராசிலும் வெப்பமானியிலும் வைத்துப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து பார்த்த ஒரு சரித்திரம் வைத்திய உலகில் உண்டு. நாம் அன்புக்குச் செய்யும் உபசாரமெல்லாம் வாயளவில் நின்றுவிடுகிறது என்பதையும் அது கூடவே காட்டிக்கொடுத்துவிடுவதாலோ என்னவோ, நம் மேடைகளில் அது அதிகம் ஏறுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் சரித்திரம் அது.

கருவில் 37 வாரம் நிறைவதற்கு முன் வந்துவிடும் குழந்தையைக் குறைப்பிரசவக் குழந்தை என்கிறோம். உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படி அவசரப்பட்டு வந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டில் அவ்விதம் பிறந்தவை 1 கோடியே 34 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டுக் குழந்தைகள். இத்தகைய சிசுவுக்குத் தோலின் அடியில் கொழுப்புச் சேர்ந்திராது. எடையோ கொஞ்சம், அந்த எடைக்குத் தோலின் பரப்போ அதிகம். ஆகையால் உடம்பின் சூடு ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடு குறைந்தால் மூச்சுத் தடுமாறும். மூச்சுத் தடுமாறினால் பால் இறங்காது. பால் இறங்காவிட்டால் மறுபடியும் சூட்டை உண்டாக்க உடம்பில் ஒன்றுமில்லை. இந்தச் சுழலில் சிக்கிய குழந்தையை மீட்பதுதான் வைத்தியர்களின் முன் நின்ற பிரச்னை.

பாரிஸ் நகரத்துப் பிரசவ வைத்தியர் ஸ்தெஃபான் தார்னியே, மிருகக்காட்சிச் சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருந்த வெந்நீர்ப் பெட்டியைக் கண்டு, அதே மாதிரியான பெட்டி ஒன்றை மனித சிசுவுக்கும் செய்வித்து, 1880-ஐ ஒட்டித் தம் மருத்துவமனையில் வைத்தார். இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 இறந்துகொண்டிருந்த இடத்தில், பெட்டி வந்தபின் 38-தான் இறந்தன. இது சாமானியமான சாதனை அன்று. இன்றைக்கு ஊரில், ‘குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்’ என்று பதைப்புடன் சொல்கிறோமே, அந்த இங்குபேட்டரின் மூதாதை இதுதான். அதைப் பழிப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் பெட்டி வந்ததும் அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்தது. தார்னியேயின் சீடரான பியேர் பூதான் இந்த ஆபத்தை அப்போதே கண்டுகொண்டார். குழந்தையை விட்டுப் பலநாள் பிரிந்திருக்கும் தாய்மார்களில் சிலர் அதன்பால் பற்று இழந்துவிடுவதை உணர்ந்து, தாயை அருகே வரவழைத்து அவளே பாலூட்டச் செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். உலகம் குருவின் பெட்டியை எடுத்துக்கொண்டது. சீடரின் எச்சரிக்கையை வைத்துவிட்டுப் போயிற்று. நியூயார்க் நகரத்தின் கோனி தீவிலிருந்த கேளிக்கைத் திடலில், 1903 முதல் 1943 வரையில், குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வரிசையாக வைத்து, பார்க்க வருவோரிடம் இருபத்தைந்து சென்ட் கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தில் தாதிகளுக்குச் சம்பளம் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். பெற்றோரிடம் காசு வாங்கவில்லை; உயிர்கள் பிழைத்தன; குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இருந்தாலும், ராட்டினம் சுற்ற வந்தவன் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போக, பெற்றவள் எங்கோ வீட்டில் மார்பில் பால் கட்டிக் கிடந்த விசித்திரத்தை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

கிருமிகளைப் பற்றிய ஞானம் வளர வளர, மருத்துவமனைகள் உறவினரை வாயிலிலேயே நிறுத்தின. அதற்குப் பக்கபலமாக மனோதத்துவ சாஸ்திரமும் வந்து நின்றது. அமெரிக்க அறிஞர் ஜான் வாட்சன் 1928-ல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளை அணைப்பதும் முத்தமிடுவதும் மடியில் அமர்த்துவதும் அவர்களைக் கெடுத்துவிடும் என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் தாய்மார்களுக்கு உபதேசித்தார். அது நன்றாகவே விலை போயிற்று. ஒரு தலைமுறைக்குள் இதற்கு எதிர்ச்சாட்சி கிடைத்தது. வியன்னாவில் பிறந்த ரெனே ஸ்பிட்ஸ் என்ற வைத்தியர், இரண்டு இடங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு 1945-லும் அடுத்த ஆண்டிலும் எழுதினார். ஒன்று, அப்பழுக்கில்லாத சுத்தமும் நல்ல உணவும் வைத்தியரின் தினசரி மேற்பார்வையும் கொண்ட அநாதைச் சிசு இல்லம். ஒரு தாதியின் பொறுப்பில் பல குழந்தைகள். தூக்கி எடுக்க ஆள் இல்லை. மற்றொன்று, பெண்களுக்கான சிறைச்சாலை. அங்கே தண்டனை பெற்ற தாய்மார்களே தம் குழந்தைகளைச் சீராட்டிக்கொண்டிருந்தார்கள். சிசு இல்லத்தில் அவர் கவனித்த 91 குழந்தைகளில் 34 குழந்தைகள் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோயின. சிறையிலிருந்த குழந்தைகளோ ஓடியாடிப் பேசி வளர்ந்தன. ஸ்பிட்ஸின் ஆராய்ச்சி முறையில் ஓட்டைகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், அது நியாயமே. ஆனாலும் குற்றவாளி என்று சமூகம் ஒதுக்கிய ஒருத்தியின் மடி, வெள்ளை விரித்த தொட்டிலைக் காட்டிலும் பாதுகாப்பாக இருந்தது என்ற செய்தி, மருத்துவமனைகளின் கதவை மெல்லத் தட்டத் தொடங்கிவிட்டது.

கதவு திறந்தது ஐரோப்பாவிலும் அன்று, அமெரிக்காவின் செல்வ நகரங்களிலும் அன்று. கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், ஏழைகள் வந்து குவியும் ஒரு தாய்சேய் மருத்துவமனையில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குப் பரவியது. பிழைத்தவற்றில் சிலவற்றைத் தாய்மார்கள் கைவிட்டுப் போனார்கள். இந்த நெருக்கடியில்தான், 1978-ல், எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியரும் அவருக்குத் துணையாக வந்த எக்டர் மார்ட்டினெஸும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். முழு வளர்ச்சி பெறாமலே பிறந்துவிடும் தன் குட்டியைக் கங்காரு எப்படிப் பையில் சுமந்து வளர்க்கிறதோ அப்படியே, நிலை தேறிய குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்பதே அது. இல்லாமை கற்பித்த யோசனை இது. பெட்டிகள் தாராளமாக இருந்திருந்தால் யாருக்கும் தோன்றியிராது. செல்வ நாட்டு வைத்தியர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஏழைகளுக்கான மட்டமான மாற்று என்று இதைக் கருதினார்கள். ஆனால் அதே பொகோட்டாவில் நத்தாலி ஷார்பாக் என்ற பெண் வைத்தியர் 1990-களில் முறையான பரிசோதனை நடத்தி, இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளையே தேடிப் பிடித்துச் சோதித்தபோது, தாய் மார்பில் வளர்ந்தவர்கள் முரட்டுத்தனம் குறைந்தவர்களாகவும், பள்ளிக்கு ஒழுங்காகச் சென்றவர்களாகவும் இருக்கக் கண்டார்.

இந்த முறை இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. ‘கங்காரு பராமரிப்பு’ என்றே தாதியர் சொல்கிறார்கள். அதைச் சற்று அருகே இருந்து பார்க்கலாம். குழந்தைக்குத் தலையில் ஒரு குல்லாய், காலில் உறை, இடுப்பில் ஒரு துணி. வேறு உடுப்பு இல்லை. தாயின் ரவிக்கையைத் திறந்து, இரு மார்புக்கும் நடுவே செங்குத்தாக, தவளையைப்போல் கைகால் மடங்கிய நிலையில் அதைச் சார்த்துகிறார்கள். மூச்சுக்குழல் மடங்காதபடி தலையை ஒருபுறம் திருப்பிச் சற்றே நிமிர்த்தி வைத்து, ஒரு நீண்ட துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். தாய் முதுகுச் சாய்வான நாற்காலியிலோ கட்டிலிலோ சாய்ந்துகொள்கிறாள். குழந்தைக்கு மார்பில் சப்பிக் குடிக்கும் வலிமை இன்னும் வந்திராவிட்டால், பீய்ச்சிய பாலைப் பாலாடையில் எடுத்துத் துளித்துளியாகப் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் வெள்ளியில் வைத்திருந்த அதே பாலாடைதான். இப்போது எவர்சில்வரில், வெந்நீரில் கொதிக்கவைத்துத் தட்டில் அடுக்கியிருக்கிறது. சிறிது நேரத்தில் குழந்தையின் மூச்சு சீராகிறது. நீலம் பாரித்திருந்த விரல் நுனிகள் சிவக்கின்றன. தாயின் தோலில் இயல்பாக உள்ள, தீங்கு செய்யாத நுண்ணுயிர்கள் முதலில் வந்து குடியேறிவிடுவதால், மருத்துவமனையின் பொல்லாத கிருமிகளுக்கு இடம் குறைகிறது. பால் சுரப்பும் பெருகுகிறது.

இதையெல்லாம் கவிதை என்று ஒதுக்கிவிடாதபடி, உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய பரிசோதனையை நடத்தியது. கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளிலும், நம் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையிலுமாக, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,200-க்கு மேற்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, வழக்கம்போல், உடல்நிலை தேறிய பிறகே தாயின் மார்பு. மற்றப் பிரிவுக்கோ பிறந்த உடனேயே, நிலை தேறும் வரை காத்திராமல். முதற்பிரிவில் 28 நாளைக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன; இரண்டாம் பிரிவில் 12. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டபின் ஒரு சாராருக்கு மட்டும் இதை மறுத்துக்கொண்டிருப்பது தர்மம் அன்று என்று, குறித்த காலத்துக்கு முன்பே 2020 ஜனவரியில் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-ல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம், இத்தகைய குழந்தைகளைப் பிறந்தவுடன் மார்போடு அணைத்து, நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் தேற்று, பிறகு தாயிடம் கொடு என்று நூறாண்டாக இருந்த வரிசையே தலைகீழாயிற்று.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பிழைக்கவைத்தது சூடுதானே, ஸ்பரிசம்தானே, பால்தானே. இதில் அன்பு எங்கே வந்தது என்று ஒரு பௌதிக வாத்தியார் கேட்பாரானால், அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கும் இளந்தாயின் முகத்தில், காவியங்கள் வருணிக்கும் வாத்ஸல்யம் பெரும்பாலும் இராது. பயம் இருக்கும், தன்மீதே ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும், இது தங்குமோ தங்காதோ, இதன்மேல் ஆசை வைக்கலாமோ கூடாதோ என்ற தயக்கம் இருக்கும். மார்பில் கட்டிக்கொண்டு நாட்கள் செல்லச் செல்ல, அது அசையும் விதம், சிணுங்கும் விதம், பசிக்கு முன் நாக்கைச் சுழற்றும் விதம் எல்லாம் அவளுக்குப் பழக்கமாகி, தாதி வெப்பமானியை எடுப்பதற்கு முன்பே, குழந்தைக்கு இன்று மேல் சுடுகிறது என்று அவளே சொல்லிவிடுகிறாள். அன்பு உள்ளத்தில் ஊறிப் பின் கைகளுக்கு இறங்குகிறது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல சமயம் கைகள் முந்திக்கொள்கின்றன, உள்ளம் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்கிறது. குடும்ப வாழ்க்கையிலும் இதுவே சகஜம் என்பது என் அபிப்பிராயம். படுத்த படுக்கையான மாமியாருக்குச் சலிப்புடன் கஞ்சி ஆற்றிக் கொடுக்கத் தொடங்கிய மருமகள், அந்தக் கிழவி போனபின் விசும்பி அழுவதைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் மேற்சொன்ன பரிசோதனையில் எல்லோரும் தாண்டிப் போய்விடும் ஓர் எண் இருக்கிறது. உடனடிப் பிரிவுக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஒரு நாளில் மார்போடு இருந்த நேரம், இடைநிலை அளவில், ஏறத்தாழ 17 மணி. பதினேழு மணி நேரம் ஒருத்தி சாய்ந்து கிடக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் அவளுக்குச் சோறு போடுகிறவர் யார்? வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் யார்? அவள் குளிக்கப் போகும் அரைமணி நேரம் குழந்தையைத் தன் மார்பில் வாங்கிக்கொள்கிறவர் யார்? பரிசோதனையை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். தாய்க்கு மாற்றாகக் குடும்பத்தார் வேறொருவரும் குழந்தையைச் சுமக்க அவர்கள் இடம் கொடுத்தார்கள். தாயின் கட்டிலும் குழந்தையின் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும்படி தீவிர சிகிச்சைப் பிரிவையே மாற்றி அமைத்தார்கள். தாய்மை தெய்வீகமானது என்று புகழ்ந்து கும்பிட்டுவிட்டு, அதன் பாரம் முழுவதையும் அறுவை செய்த வயிற்றோடு கிடக்கும் ஒருத்தியின் தலையில் ஏற்றிவிடுவது மிக மலிவான பக்தி. அவளுடைய அன்பு நான்கு பேரின் உழைப்பின்மேல் நிற்கிறது.

இவ்விஷயத்தில் நம் மண்ணிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. இராமலிங்க அடிகள் ஜீவகாருண்யத்தைப் பற்றி எழுதும்போது, பசி என்பது மனித உடம்பில் அங்கம் அங்கமாக என்ன செய்கிறது என்பதை ஒரு வைத்தியரின் நுட்பத்தோடு வருணித்தார். வருணித்ததோடு நில்லாமல், 1867-ல் வடலூரில் தருமச்சாலையை நிறுவி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துவருகிறது. அணையாத அடுப்பு என்று வியக்கிறவர்கள், அதற்கு விறகு கொண்டுவருகிறவர் யார், அரிசி அளக்கிறவர் யார், காலையில் இன்னார் மாலையில் இன்னார் என்று முறை வைத்திருப்பவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டியும் காருண்யம் நிலைத்திருப்பதற்கு அந்த முறைப்பட்டியலே ஆதாரம் என்பேன்.

நம் சட்டங்களின் நிலை என்ன? 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சம்பள விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஆனால் அது முறையான வேலையில் இருக்கும் பெண்களுக்கே எட்டும். களையெடுக்கப் போகிறவளுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கும் அது ஏட்டுச் சுரைக்காய். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவி 18,000 ரூபாய், ஏழைத் தாய்க்கு மெய்யாகவே ஓர் ஊன்றுகோல். அதை ஏற்படுத்தியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் குறைமாதக் குழந்தையுடன் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேரும் தாய்க்குத் துணையாக இருக்கும் பாட்டியின் கூலி இழப்பையும் தகப்பனின் கூலி இழப்பையும் அதில் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. கொத்தனாரான தகப்பனுக்கு அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அன்றைய உலை.

தகப்பனைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஆண் மார்பின் சூட்டிலும் குழந்தை தேறும். இதில் வைத்திய சாஸ்திரத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் நம் ஆசாரத்துக்குத்தான். பெண்கள் ரவிக்கை திறந்து அமர்ந்திருக்கும் கூடத்தில் ஆடவனை எப்படி விடுவது என்ற தாதியரின் சங்கடம் நியாயமானது. நடுவே ஒரு திரைச்சீலையால் தீரக்கூடியதும்கூட. வீட்டுக்கு வந்தபின் தடை வேறு ரூபம் எடுக்கிறது. ‘தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டால் கை பழகிவிடும், அப்புறம் கீழேயே இறங்காது’ என்று அடுத்த வீட்டு அம்மாள் எச்சரிக்கிறாள். வாட்சன் துரையின் புத்தகத்தை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை, ஆனால் இருவரும் ஒரே கட்சி. இரண்டு கிலோவை எட்டாத குழந்தைக்குக் கை பழகுவதைக் காட்டிலும் நன்மை வேறில்லை என்று, அந்த அம்மாளுக்கும் சேர்த்தே, வெளியே அனுப்பும் நாளில் தாதியர் சொல்லி அனுப்ப வேண்டும்.

மாவட்டங்கள்தோறும் மருத்துவமனைக் கட்டடங்கள் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. யந்திரங்களுக்கும் பெட்டிகளுக்கும் பணம் ஒதுக்குகிறார்கள், ஒதுக்கவே வேண்டும். அந்தக் கட்டடத்தின் வரைபடம் இன்னும் பொறியாளரின் மேஜைமேல் இருக்கும்போதே, ஒவ்வொரு குழந்தைப் படுக்கையின் அருகிலும் தாய் சாய ஒரு கட்டில், துணைக்கு வந்தவர் உட்கார ஒரு நாற்காலி, மறைவுக்கு ஒரு திரை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குளியலறை ஆகியவற்றைக் கோடு போட்டுக் குறித்துவிட வேண்டும். சுவர் எழும்பி, சுண்ணாம்பு அடித்து, அமைச்சர் வந்து திறந்து வைத்துப் போனபிறகு கட்டில் போட இடம் கேட்டால், இடமில்லை என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இராது.